ஒரு கோடைக்குக் கட்டிய விசிறி

அத்தியாயம் பதினான்கு

பதிவறைக்காரர் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டபோது காலை மணி எட்டுகூட ஆகவில்லை. தூசி குபீரென்று கிளம்பியது. மூத்தவள் அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டாள்.

"பத்தொன்பது வருஷத்துக் கோப்பும்மா. சும்மா விடுமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

பதினோரு மணிக்குக் கூட்டம். பூங்காவில் நிற்கும் விசிறியை வைத்துக்கொள்வதா, பிரித்துவிடுவதா? அதற்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும்.

விசிறி என்பது ஊர் வைத்த பெயர். கோப்பின் மேலட்டையில் 'தற்காலிக நிழற்கூடம், ஆறு மாதம்' என்றுதான் இருந்தது. குளத்துக்கும் ஊஞ்சல்களுக்கும் நடுவே, பன்னிரண்டு கால்களின்மேல், நாற்பத்திரண்டு மரச்சட்டங்கள் ஒரு மூலையிலிருந்து விரிந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெயிலுக்குப் பாதி விரித்துப் பிடித்த கைவிசிறி மாதிரியே இருக்கும்.

அதை வரைந்தவர் அவளுடைய அப்பா. வாழ்நாள் முழுக்க ஒரு கட்டட நிறுவனத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் மனதில் நினைத்ததற்கெல்லாம் கோடு போட்டுக் கொடுத்த மனிதர். மாடிப்படி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி. தனக்கே தனக்கென்று அவர் நினைத்து, வரைந்து, அது எழுந்து நின்றது என்றால் இந்த ஒன்றுதான். அவர் போய் மூன்று வருடமாகிறது.

அவருடைய மகளே பூங்காத் துறையில் பொறியாளராக இருப்பதும், அதை அளந்து பார்க்கும் வேலை அவள் தலையிலேயே வந்து விழுந்ததும்தான் போன வாரம் முழுக்க அவளைப் படுத்தியெடுத்த சங்கடம். "அளவு மட்டும் நீ எடு. கருத்தை நான் எழுதிக்கிறேன்," என்று சொல்லிவிட்டார் மேலதிகாரி. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் உடனே முத்திரை குத்திவிடுவதால் அலுவலகத்தில் அவருக்கு முத்திரை சார் என்றே பெயர். அவள் போய்ப் பார்த்ததில் மூன்று கால்களின் அடி மெத்தென்று ஆகியிருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தியபோது ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. 'கால்களை மாற்றினால் நிற்கும். மாற்றாவிட்டால் இரண்டு வருடம் தாங்கும்' என்று எழுதி முத்திரை சார் குத்திவிட்டார். ஆக, பாரம் முழுவதும் இன்றைக்குக் கூடும் பூங்காக் குழுவின் தலையில்.

பழைய வரைபடம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் கோப்பைக் கேட்டிருந்தாள். வரைபடம் இருந்தது. அதன் பின்னால் கடிதங்கள் இருந்தன.

முதல் கடிதத்தைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வரியிலும் 'ழ' மட்டும் ஒரு நூலளவு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டிலிருந்த தட்டச்சு இயந்திரத்தின் ழ. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுத்து அம்மா குடும்பத்தைத் தாங்கிய அதே இயந்திரம்.

'ஐயா, வணக்கம். மேற்படி நிழற்கூடம் ஆறு மாதத்துக்கு என்று ஒப்புக்கொண்டு கட்டப்பட்டது. ஒவ்வொரு கோடைக்கும் அதே இடத்தில் புதிதாக ஒருவர் ஒன்றைக் கட்டவேண்டும் என்பதே திட்டம். முதல் முறை எனக்குக் கிடைத்தது. என்னுடையது நின்றுகொண்டே இருப்பதால், இந்த ஆண்டு ஒருவருடைய முறை போய்விட்டது. பிரிக்க அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நானே வந்து பிரித்துத் தருகிறேன்.'

கீழே அப்பாவின் கையெழுத்து. மேலே ஓரத்தில், வேறு யாரோ பச்சை மையில்: 'பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.'

அடுத்ததைப் புரட்டினாள். அதே கடிதம், அடுத்த வருடம். 'இருவருடைய முறை போய்விட்டது.' அதற்கடுத்தது, 'மூவருடைய முறை.' ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒன்று. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பச்சை மை ஒரு கட்டத்தில் நீலமானது, பிறகு கறுப்பானது. வாசகம் மட்டும் மாறவில்லை. பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.

கடைசிக் கடிதத்தில் எண் பதினைந்து.

அவள் கோப்பை மூடினாள். பிறகு திறந்தாள். மறுபடியும் மூடினாள். இதைப் படித்தவர்கள் இன்றைக்கு இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. முத்திரை சார் கோப்புக்குள் தலையை விடுகிற ஆளில்லை.

தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது?

விசிறியைக் காப்பாற்ற ஊரைத் திரட்டியதே அவன்தான். பூங்கா வாசலுக்கு எதிரே அவனுடைய பல் மருத்துவமனை. நான்கு மாதத்தில் ஆயிரத்து இருநூறு கையெழுத்து வாங்கியிருந்தான். "எப்படிடா?" என்று அவள் கேட்டபோது, "வாயைத் திறந்து வச்சுக்கிட்டு ஒருத்தர் எப்படிக்கா மாட்டேன்னு சொல்லுவாரு?" என்று கண்ணடித்தான்.

கடிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

* * *

மருத்துவமனைக்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. சின்னவன் முகமூடியைக் கீழே இறக்கினான்.

"என்னக்கா, இந்த நேரத்துல? பல்லு வலியா?"

"வெளிய வா. ரெண்டு நிமிஷம்."

"மரத்துப்போக அஞ்சு நிமிஷம் ஆகும். அசையாம இருங்க சார்," என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு வந்தான்.

மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே அவன் முதல் கடிதத்தைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைசிக்குப் போனான். காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அழுகை காதில்தான் முதலில் தெரியும்.

"யாரு பார்த்தாங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்போ நீயும் பார்க்கல."

"பார்த்துட்டேனேடா."

"அக்கா, அது அப்பாவோட அடக்கம். அவரு எப்பவும் அப்படித்தானே? ரெண்டாவது தடவை சாப்பாடு போட்டாக்கூட போதும் போதும்னு கையை வச்சு மறைப்பாரு. அதுக்காக நாம போடாம இருந்தோமா?"

"பதினஞ்சு வருஷமாவா ஒருத்தர் அடக்கத்துக்கு லெட்டர் போடுவாரு?"

கடிதங்களை ஒழுங்காக அடுக்கி அவள் கையில் திணித்தான்.

"உனக்கு அப்பாவோட குரல் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

"ஏன், இருக்கே."

"எனக்குப் போயிடுச்சுக்கா. போன வருஷமே போயிடுச்சு. வீட்டுல உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தாலும் வர மாட்டேங்குது. விசிறிக்கு அடியில போய் உட்கார்ந்தா மட்டும் கேக்குது. 'டேய், கோட்டை மிதிக்காத'ன்னு. அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தைதான். அதைப் பிரிச்சுட்டா நான் எங்க போவேன்?"

உள்ளேயிருந்து நோயாளி பஞ்சோடு ஏதோ முனகினார். சின்னவன் முகமூடியை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

* * *

அலுவலகத்துக்கு நேர்வழி இருந்தும் அவள் பூங்காவுக்குள் புகுந்து நடந்தாள்.

கோட்டை மிதிக்காதே. அவளுக்கும் அது நன்றாக ஞாபகம் இருந்தது. சட்டங்களின் வழியாக வெயில் தரையில் கோடு கோடாக விழும். வெளிச்சத்தில் கால் படாமல், நிழலிலேயே தாண்டித் தாண்டிப் போகவேண்டும் என்பது சின்னவன் கண்டுபிடித்த விளையாட்டு. பத்து வயதுக்காரன் ஆடினால் சரி, அப்பாவும் சேர்ந்து ஆடுவார். கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, காதில் பென்சிலோடு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று, "டேய், கோட்டை மிதிக்காத! அவுட்டு!" என்று கத்துவார்.

கட்டிய அந்த இரண்டு மாதம், பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் தம்பியும் இங்கேதான். பதினைந்து வயதில் அவளுக்கு அளவுநாடாவின் நுனியைப் பிடிக்கும் வேலை. "இறுக்கிப் பிடி, ஆனா இழுக்காத," என்பார் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் பொறியியல் படித்தாள் என்று பின்னாளில் கல்லூரித் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மரத்துக்கு எண்ணெய் பூசிய நாளில் மூன்று பேரும் வீட்டுக்குப் போனதும், அம்மா வாசலிலேயே நிறுத்தி, "மூணு அலமாரி நடந்து வருது!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருடம் அப்பா சத்தமாகச் சிரித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

பின்னால் ஏன் நின்றுபோனது என்று அவள் யோசித்ததே இல்லை. வயதாகிவிட்டது, வேலைப்பளு என்று நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பூங்காவுக்கு வரும்போதெல்லாம் அப்பா விசிறிக்கு முதுகைக் காட்டிக் குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாராவது அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானே சார் இதைக் கட்டினது?" என்று கேட்டால், அடுத்தவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டவர் மாதிரி நெளிவார்.

இப்போது புரிந்தது. அவர் தன் கட்டடத்தை அதில் பார்க்கவில்லை. அங்கே வராமல் போன கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. ஐந்து பேர் கொண்ட குழு. நடுவில் தலைவி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கும் நிதானமான பெண்மணி. பக்கத்தில் முத்திரை சார்.

சின்னவன் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். முதலில் அவன் பேசினான். நன்றாகவே பேசினான். விசிறியின் கீழ் நடை பழகிய குழந்தைகள், சண்டை போட்டுச் சமாதானமான தம்பதிகள், பரீட்சைக்குப் படித்தவர்கள் என்று வரிசையாகச் சொன்னான். "தற்காலிகம்னு கட்டினாங்க, சரி. ஆனா ஊர் அதுல பத்தொன்பது வருஷம் குடியிருந்துடுச்சு. அதுக்கப்புறமும் அது தற்காலிகமா?" என்று கேட்டபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

அக்கா பக்கம் அவன் திரும்பவே இல்லை.

காலை நடைக்காரர் ஒருவர் பேசினார். தனக்குப் பக்கவாதம் வந்தபோது ஒவ்வொரு தூணாகப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கக் கற்றதாகச் சொல்லி, பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூங்காவைப் பெருக்கும் அம்மாள் எழுந்தாள்.

"மழை வந்தா உள்ள அஞ்சு வாளி வைக்கணும். இலை உள்ள போய் சிக்கிக்கிட்டா ஏணி போட்டு எடுக்கணும். எனக்கு அதுல பெரிய ரோதனை," என்றாள்.

"அப்போ எடுத்துடலாம்கிறீங்களா?" என்றாள் தலைவி.

"ஐயோ, அதுவும் வேண்டாம்மா. மத்தியானம் நான் உட்கார்ந்து சாப்பிடற இடம் அது."

அறை சிரித்தது. தலைவியும் சிரித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "வடிவமைச்சவர் இப்ப இல்லன்னு தெரியும். அவர் இதைப் பத்தி என்ன நினைச்சாருன்னு கோப்புல ஏதாவது இருக்கா?"

முத்திரை சார் மூத்தவளைப் பார்த்தார். "அந்த மாதிரி எதுவும்..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கு," என்றாள் அவள்.

பையிலிருந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தம்பி இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. வெறுமனே பார்த்தான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் அவரோட மகள். அதையும் பதிவு பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டு, கடைசிக் கடிதத்தைப் படித்தாள். 'பதினைந்து பேருடைய முறை போய்விட்டது' என்ற வரிக்கு வந்தபோது தலைவி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள்.

நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்பட்டது. சின்னவன் வெளியே போய்விட்டான். கதவு தானாக மூடிக்கொண்டது.

"பதினஞ்சு கடிதமா?" என்றாள் தலைவி நம்பமுடியாமல். "வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. மூத்தவள் திரும்பினாள். அம்மா! வரவில்லை, முழங்கால் வலி என்று காலையில் சொன்னவள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அடிச்சுக் கொடுத்தேன்," என்றாள் அம்மா, எழுந்திருக்காமலே. "ஒவ்வொரு வருஷமும் சண்டை. 'ஊரே கொண்டாடுது, உங்களுக்கு மட்டும் ஏன் உறுத்துது'ன்னு கேப்பேன். 'எனக்குக் கிடைச்ச மாதிரி இன்னொருத்தனுக்கும் ஒரு கோடை கிடைக்கணும்ல'ம்பாரு. அப்புறம் அவரு சொல்லச் சொல்ல அடிப்பேன். நான் நினைச்சதை அடிக்கல. அவரு சொன்னதைத்தான் அடிச்சேன்."

குழு பக்கத்து அறைக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பியது. மூன்றுக்கு இரண்டு. செப்டம்பர் முடிவில் விசிறி பிரிக்கப்படும். அடுத்த கோடையிலிருந்து அந்த இடம் வருடத்துக்கு ஒருவருக்கு, கண்டிப்பாக ஆறு மாதம். நாற்பத்திரண்டு சட்டங்களும் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படும். ஆணை திங்கட்கிழமை கையெழுத்தாகும்.

நடைக்காரர் வெளியேறும்போது மூத்தவளின் அருகில் ஒரு கணம் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "நல்ல மனுஷன்மா உங்கப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

* * *

தம்பி எங்கே இருப்பான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள்.

விசிறியின் கீழ், பெஞ்சில், அதே வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். மத்தியான வெயில் அவன் மேலும் கோடு போட்டிருந்தது.

"முடிவு தெரியுமா?" என்றாள் மூத்தவள்.

"வாசல்காரர் சொன்னாரு."

"டேய், என்னைத் திட்டிடேன்."

"எதுக்கு? நான் அப்பாவுக்காகப் பேசறேன்னு நினைச்சுக்கிட்டு எனக்காகப் பேசியிருக்கேன். அது தெரிஞ்சதுல இருந்து யார்கூடயும் பேசப் பிடிக்கல. உன்கூடயும்தான்." அவன் நகர்ந்து இடம் விட்டான். கோபம் போகவில்லை, ஆனால் இடம் விட்டான்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஊஞ்சல் பக்கம் யாரோ ஒரு அம்மா பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தலையை நிமிர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"கடைசி வரைக்குமே அவரு மனசு மாறலையாம்மா?" என்றான் சின்னவன். "ஒரு தடவைகூட, 'இருந்துட்டுப் போகட்டும்'னு தோணலையா?"

அம்மா கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"எத்தனை கடிதம் இருந்துச்சு கோப்புல?" என்று மகளைக் கேட்டாள்.

"பதினஞ்சு."

"பதினாறு எழுதினாரு."

மூத்தவள் நிமிர்ந்தாள்.

"அந்தக் கடைசி செப்டம்பர். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி. அதை மட்டும் என்னை அடிக்கச் சொல்லல. கையாலயே எழுதி, ஒட்டி, போஸ்ட் பண்ணிடுன்னு குடுத்தாரு. நான் பண்ணல."

"ஏம்மா?"

"எப்பவும் அவரு சொல்லி நான் அடிப்பேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாத கடிதம் அது ஒண்ணுதான். அனுப்பிட்டா எனக்குத் தெரியாமலே போயிடும்னு வச்சுக்கிட்டேன். அப்புறம் அவரு போயிட்டாரு. பிரிக்கக் கை வரல. பீரோவுல, அவரோட கண்ணாடிக் கூட்டுக்கு அடியில இருக்கு."

"இன்னிக்குக் கூட்டத்துல ஏன் சொல்லல?" என்றான் சின்னவன். குரல் உயர்ந்துவிட்டது. "அதுல இருக்கட்டும்னு எழுதியிருந்தா?"

"அதுலயும் பிரிச்சுடுங்கன்னே இருந்தா?" என்றாள் அம்மா.

ஆணையில் கையெழுத்தாக இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று மூத்தவள் மனதுக்குள் எண்ணினாள். அவளுக்கு அந்த நிமிடம் எது வேண்டும் என்றே தெரியவில்லை.

சின்னவன் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "வாங்க, வீட்டுக்குப் போவோம். இப்பவே பிரிச்சுப் பார்த்துடுவோம்."

மூத்தவளும் எழுந்து அம்மாவுக்குக் கை கொடுத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் உட்காருங்க," என்றாள். "அஞ்சே அஞ்சு நிமிஷம். தெரியாமலே இன்னும் கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டுப் போவோம்."